விசிகோத் அரசர் லியோவிகில்டும் அவர் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியாவின் ஆறாம் நூற்றாண்டைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் லியோவிகில்டின் பெயர் வந்துவிடுகிறது. அது வந்தவுடன் ஒரே விதமான ஐயங்களும் எழுந்துவிடுகின்றன. "மகனைக் கொன்ற அரசர்தானே அவர்?" என்ற ஒரு வரியோடு பலரும் அவரை முடித்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். அந்த வரியை யார் எழுதினார்கள், யார் எழுதாமல் விட்டார்கள் என்று பார்த்த பிறகே அவரைப் பற்றி முடிவுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

லியோவிகில்டு எந்த நாட்டு அரசர்? ஸ்பெயினுக்கா?

கி.பி. 569ஆம் ஆண்டையொட்டி அரசுரிமை பெற்று, 586இல் இறக்கும் வரை ஆண்ட விசிகோத் அரசர் அவர். விசிகோத்துகள் செருமானிய இனத்தவர். ரோமப் பேரரசு தளர்ந்த ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சின் தென்பகுதியில் ஓர் அரசை அமைத்து, 507இல் வூயே என்ற இடத்தில் பிராங்குகள் என்ற மற்றொரு செருமானிய இனத்தாரிடம் தோற்ற பிறகு, தங்கள் ஆட்சியின் மையத்தைப் படிப்படியாக ஐபீரியத் தீபகற்பத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். லியோவிகில்டின் காலத்தில் தொலேடோ அவர்களுடைய தலைநகராக இருந்தது.

ஸ்பெயின் என்ற ஒன்றுபட்ட நாடு அப்போது இல்லை. வடமேற்கில் சுவேபியர் என்ற வேறொரு செருமானிய இனத்தாருக்குத் தனி அரசு இருந்தது. வடக்கு மலைகளில் கந்தாபிரியரும் பாஸ்க் மக்களும் தம் விருப்பப்படி வாழ்ந்தார்கள். தென்கிழக்குக் கடற்கரையைக் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசு பிடித்து வைத்திருந்தது. கோர்தோபா போன்ற பெரிய நகரங்கள் எந்த அரசருக்கும் அடங்காமல் இருந்தன. இவற்றில் பெரும்பகுதியைப் பதினேழு ஆண்டுகளில் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தவர் அவர்.

அவருடைய தந்தையும் அரசரா? பட்டம் எப்படிக் கிடைத்தது?

அரச மரபில் வந்தவர் அல்லர். விசிகோத்துகளிடம் தந்தைக்குப் பின் மகன் என்ற வழக்கம் அப்போது உறுதிப்பட்டிருக்கவில்லை. அரசரைக் கொன்றுவிட்டு வேறொருவரை அமர்த்துவதே பெரும்பாலும் நடந்தது. 531இல் அமலரிக், 548இல் தெயூதிஸ், 549இல் தெயூதிகிசெல், 555இல் அகிலா என்று அடுத்தடுத்து நான்கு அரசர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் வந்த அத்தனகில்டு நோயுற்று இயற்கையாக இறந்ததே அரிய செய்தியாயிற்று.

அத்தனகில்டு இறந்து ஐந்து மாதங்கள் அரியணை வெறுமையாகக் கிடந்த பிறகு, தலைநகரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நார்போன் நகரில் லியூவா என்பவர் அரசராக்கப்பட்டார். அவர் தம் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் தம்பி லியோவிகில்டைத் துணை அரசராக்கி, ஐபீரியப் பகுதி முழுவதையும் அவரிடம் ஒப்படைத்து, பிரனீஸ் மலைக்கு வடக்கே இருந்த செப்திமானியாவைத் தாம் வைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் லியூவா இறக்கவே, முழு ஆட்சியும் தம்பிக்கு வந்தது. அண்ணன் தம்பி இருவரும் சண்டையின்றி ஆட்சியைப் பகிர்ந்துகொண்டது அக்காலத்தில் எளிய செய்தியன்று.

இறந்த அரசரின் மனைவியையே அவர் மணந்தது ஏன்?

அத்தனகில்டின் கைம்பெண் கோயிஸ்வின்தாவைத்தான் கேட்கிறீர்கள். முந்தைய அரசரின் ஆதரவாளர்கள், அவருடைய செல்வம், அரண்மனை உறவுகள் ஆகிய அனைத்தும் அவரைச் சுற்றியே இருந்தன. அரச மரபில் வராத ஒருவருக்கு அந்த மணம் தொலேடோவின் கதவைத் திறந்துவிட்டது.

கோயிஸ்வின்தாவுக்கு முதல் மணத்தில் இரண்டு பெண்கள். மூத்தவளாகவோ இளையவளாகவோ எப்படி வைத்தாலும், இருவர் கதையுமே கொடியது. புரூன்ஹில்டா பிராங்கு அரசர் சிகிபெர்ட்டை மணந்தார். கல்ஸ்வின்தா சிகிபெர்ட்டின் சகோதரர் சில்பெரிக்கை மணந்து, சிறிது காலத்திலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். ஒரு மகளைப் பிராங்கு அரண்மனையில் இழந்த தாய் இவர் என்பதைப் பின்வரும் விடைகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதல் மனைவி யார்? புனித இசிதோரின் சகோதரி தியோதோசியா என்று படித்தேனே?

ஹெர்மெனெகில்டு, ரெக்கரெட் என்ற இரு மகன்களும் "இறந்துபோன மனைவிக்குப் பிறந்தவர்கள்" என்பதோடு அக்காலத்து வரலாற்றுக் குறிப்பு நின்றுவிடுகிறது, பெயர் தரப்படவில்லை. தியோதோசியா என்ற பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர்கள் சேர்த்தது. செவில் நகர ஆயர்களான (பிஷப்புகளான) லேயாண்டர், இசிதோர் ஆகியோரின் குடும்பத்தைப் பற்றி அவர்களுடைய எழுத்துகளிலிருந்தே நமக்குத் தெரியும். அங்கே புளோரெந்தினா என்ற ஒரு சகோதரி மட்டுமே வருகிறார், அவரும் துறவி. அரசரையும் புனிதர்களையும் ஒரே குடும்பமாக்கிப் பார்க்கும் ஆசையில் பிறந்த கதை இது.

அவரை "ஆரியர்" என்று எழுதுகிறார்களே, நம் ஊரில் பேசப்படும் ஆரியரா?

இல்லை, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஆகிவிடுவதால் வரும் குழப்பம் இது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஆரியுஸ் என்ற குருவின் கொள்கையைப் பின்பற்றியவர்களையே இங்கே குறிப்பிடுகிறார்கள். குழப்பத்தைத் தவிர்க்க நான் "ஆரியுசியர்" என்று எழுதுகிறேன்.

தந்தையாம் கடவுளுக்கு மகனான இயேசு சமமானவர் அல்லர் என்பது அவர்கள் கொள்கையின் சாரம். 325இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அதைத் தவறென்று அறிவித்தது. ஆனால் கோத் மக்கள் கிறித்தவத்தை ஏற்ற காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஆரியுசிய வடிவமே. இதனால் ஆட்சி செய்த சிறுபான்மையினரான கோத்துகள் ஆரியுசியராகவும், அவர்களால் ஆளப்பட்ட ரோம வழிவந்த பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கராகவும் இருந்தார்கள். ஒரே நகரத்தில் இரு தரப்புக்கும் தனித்தனிக் கோவில்களும் தனித்தனி ஆயர்களும் இருந்ததுண்டு.

மூத்த மகனின் திருமணத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியவில்லை. விளக்க முடியுமா?

நம்மவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேலே சொன்ன புரூன்ஹில்டாவின் மகள் இங்குந்து. அவரை 579இல் ஹெர்மெனெகில்டு மணந்தார். கோயிஸ்வின்தாவுக்கு இங்குந்து மகள் வயிற்றுப் பேத்தி. ஹெர்மெனெகில்டு கணவரின் மூத்த தாரத்து மகன். ஆகவே மணமகன் மணமகளின் தாய்க்கு, இரத்த உறவு இல்லாவிட்டாலும், தம்பி முறை. மணமகளுக்குத் தாய்மாமன் முறை. பாட்டியே மாமியாராகவும் ஆனார். மணப்பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் அவருடைய பெற்றோரின் திருமணமே 566ஆம் ஆண்டையொட்டித்தான் நடந்தது.

கோயிஸ்வின்தாவின் முதல் குடும்பத்தையும் லியோவிகில்டின் குடும்பத்தையும் ஒன்றாகப் பிணைத்து, மலைக்கு வடக்கே பிராங்கு உறவையும் உறுதிசெய்யும் ஏற்பாடு அது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெண் கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டிருந்தார்.

பாட்டி அந்தப் பேத்தியை முடியைப் பிடித்து இழுத்து அடித்தாராமே, உண்மையா?

பிராங்கு நாட்டின் தூர் நகர ஆயர் கிரகோரி அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆரியுசிய முறைப்படி மீண்டும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற மறுத்ததால், கோயிஸ்வின்தா அந்தச் சிறுமியைத் தலைமுடியைப் பற்றித் தரையில் தள்ளி, இரத்தம் வரும்வரை உதைத்து, ஆடையைக் களையச் செய்து குளத்தில் அமிழ்த்தச் சொன்னதாக அவர் விவரிக்கிறார். அவர் தொலேடோவில் இருந்தவர் அல்லர். ஆரியுசியரைக் கடுமையாக வெறுத்தவர். கோயிஸ்வின்தாவின் ஒரு கண்ணில் விழுந்த புரையைக்கூடக் கடவுள் தந்த தண்டனை என்று எழுதியவர். ஆகவே காட்சியின் ஒவ்வொரு விவரத்தையும் நான் நம்பமாட்டேன். ஆனால் அரண்மனைக்குள் கடும் பூசல் இருந்தது என்பதை ஐயப்பட வேண்டியதில்லை. மணமான சிறிது காலத்திலேயே இளம் தம்பதியர் தொலேடோவை விட்டுத் தெற்கே செவிலுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஹெர்மெனெகில்டு தந்தைக்கு எதிராகக் கிளம்பியது மதத்துக்காகத்தானே?

இந்தக் கேள்விதான் எல்லோரிடமிருந்தும் வருகிறது, பெரும்பாலும் விடையையும் சேர்த்தே கேட்கிறார்கள். முதலில் நடந்ததைப் பார்ப்போம். 573இலேயே லியோவிகில்டு இரு மகன்களையும் ஆட்சிப் பங்காளிகளாக அறிவித்திருந்தார். 579இல் மூத்தவருக்குத் தெற்கில் ஒரு பகுதியை ஆளக் கொடுத்தார். அதே ஆண்டில் அவர் தம்மைத் தனி அரசராக அறிவித்துக்கொண்டார். செவில், மெரிடா, கோர்தோபா ஆகிய நகரங்கள் அவர் பக்கம் நின்றன. செவிலில் ஆயர் லேயாண்டரின் அறிவுரையாலும் மனைவியின் வற்புறுத்தலாலும் கத்தோலிக்கரானார். லேயாண்டர் உதவி கேட்டுக் கான்ஸ்டாண்டினோபிளுக்கே சென்றார். அங்கேதான் பின்னாளில் திருத்தந்தையான (போப்பான) பெரிய கிரகோரியின் நட்பு அவருக்குக் கிடைத்தது.

இப்போது சாட்சியைக் கவனியுங்கள். இந்நிகழ்ச்சிகளுக்கு மிக நெருக்கத்தில் இருந்து எழுதியவர் பிக்லாரோவின் யோவான். அவர் பிறப்பால் கோத், சமயத்தால் கத்தோலிக்கர், லியோவிகில்டால் பார்சிலோனாவுக்கு நாடுகடத்தப்பட்டுப் பத்தாண்டுகள் துன்பப்பட்டவர். மகனைப் புகழவும் தந்தையைப் பழிக்கவும் அவரைவிடக் காரணம் உடையவர் யார்? ஆனால் அவர் ஹெர்மெனெகில்டை முறைகேடாக ஆட்சியைப் பிடித்த கலகக்காரர் என்றே குறிப்பிடுகிறார். அவருடைய மதமாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கிளர்ச்சி "அரசி கோயிஸ்வின்தாவின் கட்சியால்" எழுந்தது என்கிறார். செவிலின் இசிதோரும் தம் அண்ணன் லேயாண்டர் இதில் இவ்வளவு தொடர்பு கொண்டிருந்தும் அவ்வாறே எழுதினார்.

கத்தோலிக்கத்தை வெறுத்த கோயிஸ்வின்தாவின் கட்சி எப்படிக் கத்தோலிக்க மகனுக்குத் துணைநின்றது என்று கேட்பீர்கள். தம் பேத்திக்குப் பிறக்கும் பிள்ளை, அதாவது அத்தனகில்டின் வழித்தோன்றல், அரியணை ஏற வேண்டும் என்ற விருப்பம் அங்கே வேலை செய்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அத்தனகில்டு என்றே பெயரிட்டார்கள் என்பது எனக்கு இதை வலுவாக உணர்த்துகிறது. மதம் கிளர்ச்சிக்கு நேச நாடுகளைத் தேடித் தந்தது. கிளர்ச்சியின் வேர் குடும்பத்துக்குள் இருந்தது.

கிளர்ச்சியை அடக்க அவர் ஏன் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்?

அவர் சும்மா இருக்கவில்லை. 580இல் ஆரியுசிய ஆயர்களைத் தொலேடோவில் கூட்டி, கத்தோலிக்கர் தங்கள் பக்கம் வர மீண்டும் திருமுழுக்குப் பெறத் தேவையில்லை, தலையில் கைவைத்து ஆசி பெற்று, "தந்தைக்கு, மகன் வழியாக, தூய ஆவியில் மகிமை" என்று சொன்னால் போதும் என்று முடிவெடுக்கச் செய்தார். தேவாலயத்தில் "தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும்" என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்த வேற்றுமை உருபுகளில் எவ்வளவு பெரிய மாற்றம் அடங்கியிருக்கிறது என்பது உடனே விளங்கும்: மூவரும் சமம் என்ற பொருள் அதில் மறைந்துவிடுகிறது. அப்படியும் பலர் மாறினார்கள். சரகோசாவின் ஆயர் வின்சென்டே மாறிவிட்டார். மறுத்தவர்களுள் மெரிடாவின் ஆயர் மசோனா நாடுகடத்தப்பட்டார்.

581இல் வடக்கே பாஸ்க் மக்கள்மீது படையெடுத்து முதுகுப்புறத்தைப் பாதுகாத்துக்கொண்டு, 582இல் மெரிடாவைக் கைப்பற்றி, 583இல் செவிலை முற்றுகையிட்டார். அருகிலிருந்த இத்தாலிக்கா என்ற பழைய ரோம நகரின் மதில்களைப் புதுப்பித்துத் தளமாக்கினார். குவாதல்கிவீர் ஆற்றின் போக்கைத் தடுத்தார். சுவேபிய அரசர் மீரோ படையோடு அங்கு வந்தார். அவர் தந்தைக்கு உதவ வந்தார் என்கிறார் யோவான். மகனுக்கு உதவ வந்தார் என்கிறார் தூர் கிரகோரி. எந்த நூலைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து வரலாறு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மகன் பிடிபட்டது எப்படி? அந்தச் சிறுமிக்கு என்ன ஆயிற்று?

செவில் வீழ்ந்ததும் ஹெர்மெனெகில்டு கோர்தோபாவுக்குத் தப்பினார். அங்கிருந்த பைசாந்திய அதிகாரிக்கு லியோவிகில்டு 30,000 பொற்காசுகள் கொடுத்து அவரை விலக்கிவிட்டதாகத் தூர் கிரகோரி எழுதுகிறார். ஒரு கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த அண்ணனிடம் தம்பி ரெக்கரெட் சென்று, தந்தையின் காலில் விழுந்தால் மன்னிப்புக் கிடைக்கும் என்று சொல்லி அழைத்துவந்தாராம். தந்தை அவரைத் தூக்கி முத்தமிட்டார்; பிறகு அரச உடையைக் களைந்தார். 584இல் அவர் வலென்சியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

இங்குந்தும் குழந்தையும் பைசாந்தியரிடம் இருந்தார்கள். அவர்களைக் கான்ஸ்டாண்டினோபிளுக்குக் கொண்டுசென்ற வழியில் இங்குந்து இறந்தார். குழந்தை அத்தனகில்டு மட்டும் அங்குப் போய்ச் சேர்ந்தான். புரூன்ஹில்டா தம் பேரனுக்கு எழுதிய கடிதம் இன்றும் எஞ்சியிருக்கிறது. இந்தக் கதை முழுவதிலும் எவருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் எல்லாவற்றையும் இழந்தவர்கள் இந்த இருவர்தான்.

மகனைக் கொல்ல உத்தரவிட்டது லியோவிகில்டுதானா?

585இல் தர்ரகோனா நகரில் சிஸ்பெர்ட் என்பவரால் ஹெர்மெனெகில்டு கொல்லப்பட்டார் என்று யோவான் ஒரே வரியில் எழுதுகிறார். யார் ஏவினார்கள் என்று சொல்லவில்லை. தந்தை கொன்றார் என்று தூர் கிரகோரி எழுதினார். திருத்தந்தை கிரகோரி, சில ஆண்டுகள் கழித்து ரோமிலிருந்து, உயிர்த்தெழுதல் பெருவிழா (ஈஸ்டர்) இரவில் ஆரியுசிய ஆயரின் கையால் நற்கருணை அப்பம் வாங்க மகன் மறுத்ததாகவும், அதைக் கேட்டுச் சினந்த தந்தை கோடரியோடு ஆள் அனுப்பியதாகவும் எழுதினார். தொலைவு கூடக் கூடக் காட்சி தெளிவாகிக்கொண்டே போவது என்னை எச்சரிக்கிறது.

அரசரின் காவலில் இருந்த மகன் அவர் அறியாமல் இறப்பது எளிதன்று. ஆகவே தந்தையை முற்றிலும் விடுவிக்க நான் முன்வரவில்லை. ஆனால் கைப்பற்றிய உடனே கொல்லாமல் உயிரோடு நாடுகடத்தினார் என்பதையும், கொன்றவர் என்று பெயர் சொல்லப்படும் சிஸ்பெர்ட் 587இல், ரெக்கரெட்டின் ஆட்சியில், இழிவான முறையில் இறந்தார் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

அப்படியென்றால் ஹெர்மெனெகில்டு எப்படிப் புனிதரானார்?

திருத்தந்தை கிரகோரி அவரை மறைசாட்சியாக, அதாவது சமயத்துக்காக உயிர்விட்டவராகக் காட்டியதிலிருந்து அது தொடங்குகிறது. சொந்த நாட்டில் அப்படி யாரும் பேசவில்லை: 589இல் கோத்துகள் கத்தோலிக்கத்துக்கு மாறியதைக் கொண்டாடிய ஆயர் சங்கத்திலேயே அவர் பெயர் எடுக்கப்படவில்லை. தந்தைக்கு எதிராக வாளெடுத்த மகனைப் போற்றுவது ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஆபத்தானது.

1585இல், அவர் இறந்து சரியாக ஆயிரம் ஆண்டு ஆனபோது, ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் வேண்டுகோளின்படி திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அவருடைய விழாவை அனுமதித்தார். ஏப்ரல் 13 அவர் நாள். அந்தப் பிலிப்பின் மூத்த மகன் கார்லோசும் தந்தையின் காவலிலேயே 1568இல் இறந்தவர் என்பதை நினைக்கும்போது மனம் சற்று நின்றுவிடுகிறது.

இளைய மகன் ரெக்கரெட்டுக்குப் பெண் எங்கே எடுத்தார்கள்?

மீண்டும் பிராங்கு அரண்மனையில்தான் தேடினார்கள். கல்ஸ்வின்தா கொல்லப்பட்டதைச் சொன்னேன் அல்லவா, அந்தச் சில்பெரிக்கின் மகள் ரிகுந்துதான் நிச்சயிக்கப்பட்ட பெண். 584இல் ஐம்பது வண்டிச் சீதனத்தோடு பாரிசிலிருந்து புறப்பட்டார். துலூசை அடைந்தபோது தந்தை கொலையுண்ட செய்தி வந்தது. சீதனம் பறிபோயிற்று, திருமணம் நின்றது. பின்னர் இங்குந்தின் தங்கை குளோதோசிந்தாவைக் கேட்டார்கள், அதுவும் கைகூடவில்லை. 589இல் ரெக்கரெட்டின் அரசியாகக் காணப்படுபவர் பாதோ.

போரையும் குடும்பச் சண்டையையும் தவிர அவர் செய்தது என்ன?

அவருக்கு முந்தைய விசிகோத் அரசர்கள் வெளியிட்ட பொற்காசுகளில் பைசாந்தியப் பேரரசரின் பெயரே இருந்தது. லியோவிகில்டு தம் பெயரைப் பொறித்தார். ஏறத்தாழ ஒன்றரை கிராம் எடையுள்ள அந்தச் சிறு காசில் இனி யாருக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர் என்ற அறிவிப்பு இருந்தது. சில காசுகளில் வெற்றிச் செய்தியே உண்டு. ஒன்று "கோர்தோபாவை இருமுறை வென்றார்" என்கிறது. 572இலும் 584இலும் அந்நகரை அவர் பிடித்ததை யோவானின் குறிப்பு சொல்கிறது. காசு அதை உறுதிசெய்கிறது. அரச உடையோடு அரியணையில் அமர்ந்த முதல் விசிகோத் அரசர் அவரே என்று இசிதோர் எழுதுகிறார். முன்பு அரசரும் மக்களும் உடையிலும் இருக்கையிலும் வேறுபடவில்லையாம்.

சட்டங்களைத் திருத்தினார். கோத்துகளும் ரோமர்களும் மணந்துகொள்ளக் கூடாது என்ற பழைய தடையை நீக்கியது அவர் பெயரால் அறியப்படும் சட்டம். தடை ஏட்டில் இருந்தபோதே அரசர் தெயூதிஸ் ரோமச் செல்வக் குடும்பத்துப் பெண்ணை மணந்திருந்தார். மக்கள் ஏற்கெனவே கடந்துவிட்ட ஒன்றைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 578இல் ரெக்கரெட்டின் பெயரால் ரெக்கோபோலிஸ் என்ற புதிய நகரைக் கட்டினார். 585இல் சுவேபிய அரசையும் முடிவுக்குக் கொண்டுவந்தார்.

சாகும்போது அவரும் கத்தோலிக்கராகிவிட்டாரா?

ஏழு நாள் அழுது மனம் வருந்தி இறந்தார் என்று தூர் கிரகோரி கேள்விப்பட்டு எழுதினார். உண்மையை உணர்ந்தும் தம் மக்களுக்கு அஞ்சி வெளிப்படையாக ஏற்கவில்லை, ரெக்கரெட்டை லேயாண்டரிடம் ஒப்படைத்தார் என்பது திருத்தந்தை கிரகோரியின் கூற்று. யோவானும் இசிதோரும் அப்படி ஏதும் சொல்லவில்லை. சொல்லத்தக்க செய்தி இருந்திருந்தால் அவர்கள் மகிழ்ந்து எழுதியிருப்பார்கள். மகன் 587இல் மாறியதால் தந்தையையும் பின்னோக்கி மாற்றிவிட்டார்கள் என்றே கொள்கிறேன்.

அந்த வம்சம் எவ்வளவு காலம் நீடித்தது?

ரெக்கரெட் 601இல் இறந்தார். அவர் மகன் இரண்டாம் லியூவாவை 603இல் வித்தெரிக் என்பவர் வலக்கையை வெட்டிக் கொன்றார். கோயிஸ்வின்தா அதற்கு முன்பே, ரெக்கரெட்டுக்கு எதிரான ஒரு சதியில் ஆயர் உல்திலாவோடு சேர்ந்து சிக்கி, 589ஆம் ஆண்டையொட்டி இறந்துவிட்டார்.

இன்று போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

குவாதலஹாரா மாநிலத்தில், சோரித்தா தெ லோஸ் கானெஸ் என்ற ஊருக்கு அருகே, தாஹோ ஆற்றங்கரை மேட்டில் ரெக்கோபோலிசின் இடிபாடுகள் உள்ளன. அரண்மனையின் நீண்ட அடித்தளத்தையும் கோவிலின் சுவர்களையும் காணலாம். 1940களில் நடந்த அகழாய்வில் அங்கே ஒரு பொற்காசுப் புதையல் கிடைத்தது.

ஆனால் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால், செவில் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள்; சீரமைப்புக்காக 2020இல் அது மூடப்பட்டதால், திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அருகிலுள்ள அல்கலா தெ குவாதைராவில் கிடைத்த ஒரு கல்வெட்டு அதன் சேகரிப்பில் இருக்கிறது. மகன் கிளர்ந்தெழுந்த காலத்தில், அவர் தரப்பினர் வெட்டிய கல் அது. அரசர் ஹெர்மெனெகில்டின் ஆட்சியின் இரண்டாம் ஆண்டு என்று தொடங்கி, அவரைத் துன்புறுத்தி வருபவரைக் குறிப்பிடும் இடத்தில் "அவரைப் பெற்ற தந்தை, தலைவர் அரசர் லியோவிகில்டு" என்றே பொறித்திருக்கிறார்கள்.